பிரேக் டிஸ்க் அப்கிரேட்: சூட்டைக் கணக்குப் பார்த்து வாங்குவது எப்படி?

அலாய் வீல் இடுக்கில் வீலோடு சுற்றும் துளை போட்ட டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் சிவப்பு காலிப்பரும் பளிச்சென்று தெரிந்தால் யாருக்கும் ஆசை வரும். ஆசைக்காக வாங்கினால் அது உங்கள் காசு, உங்கள் இஷ்டம். ஆனால் ‘டிஸ்க் மாற்றினால் வண்டி சீக்கிரம் நிற்கும்’ என்று நம்பி வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் பிடிப்பு. காலியான ரோட்டில் பெடலை ஓங்கி மிதித்ததும் ஏபிஎஸ், அதாவது டயர் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு, கடகடவென்று உதைக்கிறதா? அப்படியானால் கம்பெனி பிரேக்குக்கே டயரைப் பூட்டும் பலம் இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையாது.

டிஸ்க்கின் வேலை வேறு. காலிப்பர் அழுத்தும் பேட் உரசுவதில் வரும் சூட்டை வாங்கி, கொஞ்ச நேரம் தாங்கி, காற்றில் விட வேண்டும். பத்தாவது தடவை மிதிக்கும்போதும் முதல் தடவை மாதிரியே நிற்க வேண்டும் என்பவருக்குத்தான் நல்ல டிஸ்க். ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முன், உங்கள் வண்டி எவ்வளவு சூட்டை உண்டாக்குகிறது என்று பார்த்துவிடலாம்.

ஆட்களோடு 1400 கிலோ வரும் ஒரு கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 540 கிலோ ஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் பிரேக்குகளுக்கு. ஒரு பக்கத்துக்கு 190 கிலோ ஜூல் என்று வைத்தால், 5 கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க் ஒன்று சுமார் 80 டிகிரி சூடேறும். ஒரு தடவைக்கு இது ஒன்றுமே இல்லை. சென்னை டிராஃபிக்கில் தினமும் ஆபீஸ் போய் வரும் காருக்கு இந்தக் கணக்கு இங்கேயே முடிந்துவிடும்.

அதே காரை ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு, கல்லட்டி வழியாக இறக்குங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். ஆயிரம் மீட்டர் இறங்கினால் 1400 கிலோ வண்டி விடும் ஆற்றல் சுமார் 13,700 கிலோ ஜூல். 100 கி.மீ. வேகத்திலிருந்து 25 தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். டயர் உருளும் தடை, காற்றுத் தடை என்று கொஞ்சம் கழியும். மீதியை இன்ஜின் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்க வேண்டும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக் தலையில்தான். மலை இறக்கத்தில் முதல் அப்கிரேட் இரண்டாவது கியர், காசே ஆகாது. அதைப் போடாதவருக்கு எந்த டிஸ்க்கும் போதாது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

‘பிரேக் சரியில்லை’ என்று மொத்தமாகச் சொன்னால் கடைக்காரர் டிஸ்க்கைத்தான் எடுத்து நீட்டுவார். பெடலில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள்.

இறக்கத்தில் பெடல் திடீரென்று மெத்தென்று ஆகி, கீழே வரைக்கும் போகிறதா? பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி விழுந்திருக்கிறது. டிஸ்க் காரணமில்லை. பெடல் கல்லு மாதிரி இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்காமல் போகிறதா, கருகிய வாடை வருகிறதா? பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. (இன்ஜின் ஓடும்போது சாதாரண ரோட்டிலும் பெடல் எப்போதுமே இறுக்கமாக இருந்தால் அது வேறு, மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.) வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அல்லது ஓட்டி வந்ததும் ஒரு வீல் மட்டும் கிட்டப் போக முடியாதபடி அனல் அடித்தால், காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடர் பின் ஜாம் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். பின்னைச் சுத்தம் செய்து அதற்குரிய சிலிகான் கிரீஸ் போட்டால் முடிகிற வேலை அது.

80, 100 கி.மீ. வேகத்தில் மிதிக்கும்போது ஸ்டியரிங்கும் பெடலும் துடித்தால்தான் டிஸ்க் பக்கம் திரும்ப வேண்டும். அதிலும் ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று எல்லாரும் சொல்வது பெரும்பாலும் சரியல்ல. டிஸ்க்கின் தடிமன் சுற்றளவில் ஒரே சீராக இல்லை, அல்லது பேட்டின் பூச்சு அதன்மேல் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு மாட்டும் இடத்தில் வருகிறேன்.

பிறகு அளந்து பாருங்கள்

டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். புதிதில் 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 19 அல்லது 20 என்று போட்டிருக்கலாம். உங்கள் டிஸ்க்கில் என்ன எண்ணோ அதுதான் கணக்கு.

வெர்னியர் அளவுகோலை விளிம்பில் அப்படியே வைத்து அளந்தால் தப்பான எண் வரும். பேட் படாத ஓரம் தேயாமல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும், வெர்னியர் அதைத்தான் பிடிக்கும். சுலபமான வழி: டிஸ்க்கின் இரண்டு பக்கமும், தேய்ந்த பகுதியில் ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை வைத்து, மூன்றையும் சேர்த்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். நாலைந்து இடத்தில் இப்படிப் பாருங்கள். எல்லைக்குக் கீழே போயிருந்தால் அப்கிரேட் என்ற பேச்சே வேண்டாம், எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் கொஞ்சம் கூடக் காசு போட்டு நல்லதாக வாங்குவது புத்திசாலித்தனம். எல்லைக்கு மேலே தாராளமாக இருந்தால் அடுத்த கட்டத்தை முடித்துவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

லேத்தில் கொடுத்துக் கடைசல் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடைந்த பிறகும் எல்லைக்கு மேலே இருக்கும் என்றால் பிடிக்கலாம். ஆனால் கடைந்த அளவுக்கு இரும்பு குறைந்துவிட்டது, சூட்டை வாங்கும் திறனும் அவ்வளவு குறைந்துவிட்டது. மலை ஏறி இறங்கும் வண்டிக்கு அது எதிர்த்திசையில் போகிற வேலை.

டிஸ்க்குக்கு முன் ஆயில், பேட், டயர்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 தரத்துக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155. டாட் 3-க்கு இது 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. நாலைந்து வருஷம் மாற்றாத ஆயிலோடு மலை இறங்குபவர் அந்த இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி, ஏர் எடுத்துவிடுங்கள். செலவு டிஸ்க் விலையில் ஒரு சிறு பங்குதான். டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது சிலிகான், 5.1-க்கு அண்ணன் தம்பி இல்லை. சாதாரணக் காரில் ஊற்றக் கூடாது, மற்றதோடு கலக்கவும் கூடாது.

அப்புறம் பேட். பல பேட்களின் ஓரத்தில் அச்சடித்த எழுத்து வரிசையில் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வரும். முதலாவது குளிர்ந்த நிலையில் உராய்வு, இரண்டாவது சூட்டில் உராய்வு. ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. ‘எஃப்இ’ என்று இருந்தால் சூட்டில் பிடி தளரும். ‘எஃப்எஃப்’ என்றால் சூட்டிலும் அதே வரம்புக்குள் நிற்கும். பேட் எவ்வளவு நாள் உழைக்கும், சத்தம் போடுமா என்பதையெல்லாம் இந்த எழுத்துகள் சொல்லாது. ரேஸ் பேட் மட்டும் வேண்டாம். சூடேறினால்தான் அது பிடிக்கும், காலையில் முதல் சிக்னலில் உங்களைப் பதற வைக்கும்.

நல்ல பேடுக்கு வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1960-களிலிருந்து இருக்கிறது, ரானேயும் நம் ஊர்க் கம்பெனிதான். கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்பவர்கள் இவர்கள்.

டயர் பற்றி ஒரு வரி போதும்: கடினமாகிப் போன பழைய டயரோடு புது டிஸ்க் போடுவது வீண்.

ஆயிலும் பேடும் மாற்றியதிலேயே புதியவர்களில் பெரும்பாலானோருக்குக் குறை தீர்ந்துவிடும். தீரவில்லை என்றாலும், அளந்ததில் டிஸ்க் தேய்ந்திருந்தாலும் கடைக்குப் போகலாம்.

எந்த வகை?

முன் டிஸ்க் வென்டிலேட்டட் ஆக இருக்க வேண்டும், அதாவது இரண்டு தட்டுகளுக்கு நடுவே காற்றுப் போகும் வழி. இன்றைய கார்களில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. அதற்கு மேல் என்ன என்பதுதான் கேள்வி.

துளை போட்டவை. பழைய காலத்து பேட்களில் இருந்த பசை சூட்டில் ஆவி விடும், அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். அது வெளியேற வழியாகத்தான் துளை வந்தது. இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. துளையால் கிடைப்பது மழையில் முதல் மிதியில் கொஞ்சம் சுறுசுறுப்பு, எடையில் சிறு குறைவு, பார்க்க அழகு. இழப்பது இரும்பு. மேலும், ஓயாமல் சூடேறிக் குளிரும்போது துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும். விளிம்பு வரை ஓடிய விரிசல் தெரிந்தால் அந்த டிஸ்க்கோடு வண்டியை எடுக்காதீர்கள். கம்பெனி டிஸ்க்கை லேத் பட்டறையில் கொடுத்துத் துளைத்துத் தரச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் காற்று வழித் தகடுகளின் மேலேயே டிரில் இறங்கும். அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கோடு போட்டவை, அதாவது ஸ்லாட்டட். கோடு பேடின் மேற்பரப்பைச் சீவிக்கொண்டே இருப்பதால் கண்ணாடி மாதிரி வழவழப்பு ஏறாது, தண்ணீரும் தூசியும் வெளியே போகும். விரிசல் பயம் துளையைவிடக் குறைவு. இதற்குப் பதிலாக இழப்பது என்ன என்றால், பேட் சீக்கிரம் தேயும், வேகத்தில் மிதிக்கும்போது ‘உர்ர்’ என்று ஓர் இரைச்சல் வரும். சிலருக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது. வீட்டில் பின் சீட்டில் உட்காருபவர்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஹை கார்பன் வார்ப்பிரும்பில் செய்த பிளெயின் டிஸ்க். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் கூடுதல் கிராஃபைட் சூட்டைச் சீக்கிரம் பரப்பும், அதிர்வையும் அடக்கும். சூட்டு விரிசலையும் நன்றாகத் தாங்கும். முதன்முறை வாங்குபவருக்கு என் கை இதைத்தான் எடுத்துக் கொடுக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடல் காற்று அடிக்கும் ஊரென்றால் துருத் தடுப்புக் கோட்டிங் உள்ளதாகப் பாருங்கள். கோட்டிங் பேட் படும் இடத்தில் முதல் சில கிலோமீட்டரில் தேய்ந்துவிடும், நடுக்கிண்ணத்திலும் காற்று வழிகளிலும் நிற்கும். துரு கெடுப்பது அங்கேதான். வண்டி கழுவிய மறுநாள் காலையில் டிஸ்க் முகத்தில் தெரியும் செம்மண் நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், நாலு மிதியில் போய்விடும்.

நடுக்கிண்ணம் அலுமினியத்தில் இருக்கும் இரண்டு துண்டு டிஸ்க், கோயம்புத்தூர் காரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக் டே ஓட்டுபவருக்கு. கார்பன் செராமிக் டிஸ்க் போர்ஷே 911 ஜிடி2-வில் 2001-லேயே வந்துவிட்டது. அந்த நாலு டிஸ்க்கின் விலையில் ஒரு புது ஹேட்ச்பேக்கே வாங்கலாம், நமக்கு அது பார்ப்பதற்கு மட்டும்.

காலிப்பர் மேல் ஒட்டுகிற சிவப்பு பிளாஸ்டிக் கவரைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. காற்றுப் பட வேண்டிய இடத்தை மூடிவைக்கிறது. பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள், அது தேவலை.

அளவு: அதே அளவா, பெரிதா?

புதியவருக்கு என் பதில், அதே அளவு. நேராக மாட்டலாம், காலிப்பர் மாற்ற வேண்டாம், ஏபிஎஸ் குழம்பாது.

பெரிதாகப் போனால் என்னவெல்லாம் வருகிறது என்பதற்கு ஃபோக்ஸ்வாகனின் போலோ, வென்டோ கார்கள் நல்ல உதாரணம். இவற்றில் பலவற்றுக்கும் முன் டிஸ்க் 256 மி.மீ. விட்டம், 22 மி.மீ. தடிமன். ஆசைப்படுகிறவர்கள் போவது 288-க்கு 25. பேட் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து தள்ளிப் போவதால் அதே மிதிக்கு ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல் பிடி, இரும்பும் கூடுதல். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் பிசிடியில், அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தில். போலோவின் பிசிடி 5-க்கு 100, அதாவது 5 துளை, 100 மி.மீ. வட்டம். ஆக்டேவியா மாதிரி வண்டியிலிருந்து கழற்றிய 288 டிஸ்க் 5-க்கு 112 ஆக இருக்கலாம், விட்டம் அதே, தடிமன் அதே, டிஸ்க்கைத் தாங்கும் ஹப்பில் மட்டும் உட்காராது. பழைய கோல்ஃப் நான்காம் தலைமுறைக்கான 288 டிஸ்க் 5-க்கு 100, ஐந்தாம் தலைமுறைக்கு 112. ‘288 தானே, சரியாக இருக்கும்’ என்று பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கியவர் திரும்பப் பேரம் பேசப் போக வேண்டியதுதான்.

பிசிடி சரியாக இருந்தாலும் ஹப் நடுத்துளையின் விட்டம், கிண்ணத்தின் ஆழம் இரண்டும் பொருந்த வேண்டும். காலிப்பரை வெளியே தள்ளிப் பிடிக்க வேறு பிராக்கெட் வேண்டும். 14 அங்குல வீலுக்குள் 288 அடங்காது, 15 குறைந்தபட்சம். அதன் பிறகும் முன்பக்கம் மட்டும் பலமாகி, பின்பக்கம் அதே டிரம் பிரேக்காக இருக்கும். வண்டியின் பிரேக் சமநிலை முன்னால் சாயும், முன் டயர் முன்னைவிடச் சீக்கிரம் பூட்டத் தொடங்கும், ஏபிஎஸ் அடிக்கடி குறுக்கே வரும். இதையெல்லாம் கணக்குப் போட்டு, அதே காரின் பலமான வேரியன்ட்டில் கம்பெனியே போட்ட செட்டை முழுசாக எடுத்துப் போடுபவர்கள் நன்றாகவே ஓட்டுகிறார்கள். டிஸ்க்கை மட்டும் தனியாக எடுத்துப் பெரிசாக்குவதுதான் வம்பு.

வாரன்ட்டி ஓடும் வண்டி என்றால், டிஸ்க் மாற்றினால் எதெல்லாம் வாரன்ட்டியிலிருந்து போகும் என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

எப்போதும் ஜோடியாக வாங்குங்கள், கூடவே புது பேடும். பள்ளம் விழுந்த பழைய பேடைப் புது டிஸ்க்கில் போட்டால் பாதி முகம்தான் படும். பாகத்தின் எண்ணைக் கொண்டு தேடுங்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஓர் அளவு, டீசலுக்கு ஓர் அளவு இருப்பது சாதாரணம்.

பிரெம்போ, ஈபிசி, சிம்மர்மன், டிபிஏ என்று பெயர் போன எதற்கும் டூப்ளிகேட் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன், தயாரிப்புத் தொகுதி எண் இரண்டும் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் விற்கத் தயாரான டிஸ்க்குகள் பலவற்றில் வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் ‘90ஆர்’ என்றும் இருக்கும். மாற்று பிரேக் பாகங்களுக்கான ஐ.நா. விதி 90-இன்படி சோதித்தது என்று பொருள். அந்தக் குறி இருப்பது நல்லது.

உள் தகடுகள் வளைந்திருக்கும் டிஸ்க்குக்கு இடது வலது உண்டு. மேல் பாதியைப் பார்த்தால், உள்ளிருந்து வெளியே போகும் தகடு வண்டியின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் அது காற்றை வெளியே தள்ளும். மேலே இருக்கும் கோட்டின் சாய்வை வைத்துத் திசையை முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். பெட்டியில் இருக்கும் இடது வலதுக் குறியைப் பாருங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

புது டிஸ்க் போட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்து, ‘டிஸ்க் மட்டம்’ என்று பெயர் வாங்கும் கதை அடிக்கடி நடக்கிறது. காரணம் பெரும்பாலும் ஹப்பில். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப் முகத்தில் துருப் பொருக்கு நிற்கும். அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்து இறுக்கினால் டிஸ்க் நூலிழை சாய்ந்து உட்காரும். சுற்றும்போது அதன் ஓர் இடம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும், பிரேக் மிதிக்காதபோதுகூட, பேடை லேசாக உரசும். அந்த இடம் மெல்ல மெல்லத் தேய்ந்து தடிமன் மாறும், அதுதான் பெடலில் துடிப்பாக வருகிறது.

ஆகவே கம்பி பிரஷ்ஷும் எமரி ஷீட்டும் கொண்டு ஹப் முகம் உலோகம் தெரியும்வரை தேய்க்கச் சொல்லுங்கள், போல்ட் துளைகளைச் சுற்றி விடாமல். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருக்கும் பட்டறை என்றால் டிஸ்க்கை இறுக்கி, சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தின் எல்லை சர்வீஸ் மேனுவலில் இருக்கும், பொதுவாக 0.1 மி.மீ.-க்குள். அதிகமாக இருந்தால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பார்த்தாலே குறையும்.

கோட்டிங் இல்லாத டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்க விடக் கூடாது, கம்பி போட்டுக் கட்டுங்கள். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டை ‘காற்று வரட்டும்’ என்று பிடுங்கிப் போடுபவர்களிடம் வண்டியை விடாதீர்கள். வீல் போல்ட்டை ஏர் கன்னால் தாறுமாறாக இறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், மற்ற வண்டிகளுக்கு மேனுவலில் இருக்கும்.

பேடும் டிஸ்க்கும் பழகட்டும்

பட்டறையை விட்டு நகரும் முன்பே பெடலை நாலைந்து தடவை மிதித்து, இறுக்கம் வந்துவிட்டதா என்று பாருங்கள். காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளி மாட்டியிருப்பார்கள், முதல் மிதி சும்மா கீழே போகும்.

பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமான, ஆனால் உறுதியான மிதி. இப்படி எட்டு முதல் பத்துத் தடவை, நடுநடுவே கொஞ்சம் ஓடவிட்டு. முழுசாக நிறுத்தி பெடலை அழுத்தியபடி நிற்காதீர்கள், சூடான பேட் அந்த இடத்தில் டிஸ்க்கில் அச்சுப் பதித்துவிடும். முடிந்ததும் பத்து நிமிஷம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள். முதல் 300 கிலோமீட்டருக்குக் கொல்லிமலைப் பக்கம் போக வேண்டாம், 70 வளைவும் அங்கேதான் இருக்கும்.

சுமார் 100 கி.மீ. ஓடியதும் வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். கழற்றிய கம்பெனி டிஸ்க் எல்லைக்கு மேலே இருந்தால், அதோடு ஓடிய பேடையும் சேர்த்து, இடது வலது எழுதி, எண்ணெய் தடவிப் பெட்டியில் கட்டிவையுங்கள். வண்டியை விற்கும்போது கேட்பார்கள்.